எச்சத்துக்கு ஒரு கவுல்: வேடந்தாங்கல் பறவைகள் தப்பிய கதை

கடல் பறவைகள் கூடு கட்டுறதைப் பார்க்கப் போறதுன்னா, நம்ம மனசுல வர்ற படம் பெரும்பாலும் ஏதோ ஒரு டாக்குமெண்டரியில இருந்து வந்ததா இருக்கும். கீழே அலை அடிச்சுக்கிட்டே இருக்கும். மேலே செங்குத்தா ஒரு பாறைச் சுவர். அதுல ஒரு அடி அகலத் திட்டு கிடைச்சாப் போதும், ஒரு பறவை முட்டையோட உட்கார்ந்திருக்கும். ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் போட்ட சிலர் பைனாகுலரோட மேலே நின்னு பார்த்துட்டு இருப்பாங்க.

மயிலாப்பூர்ல, அடையாறுல இருந்து இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற நமக்கு அப்படி ஒரு பாறைச் சுவர் கிடையாது. நம்ம கரை முழுக்க மணல். பட்டினப்பாக்கத்துல நின்னு வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் மணல்தான். ஆனா பல்லாயிரம் நீர்ப்பறவைகள் ஒண்ணா சேர்ந்து கூடு கட்டுற ஒரு இடம் நம்ம ஊர்ல இருந்து சுமார் 80 கிலோமீட்டர்ல இருக்கு. அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. இங்கிலாந்தின் பாறைச் சுவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைப்பதற்கு எழுபது வருஷம் முன்னாடியே, செங்கல்பட்டுப் பக்கத்து ஒரு கிராமம் தன் பறவைகளுக்கு எழுத்துப்பூர்வமா பாதுகாப்பு வாங்கி வச்சிருந்தது. இந்த எபிசோட் அந்தக் காகிதத்தைப் பத்தினது.

இடம், வேடந்தாங்கல். பெயர் கேட்டதும் "ஸ்கூல்ல டூர் போனோமே" என்று பலர் நினைப்பீங்க. இன்னைக்கு டூர் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போகலாம்: சுத்தி இருக்கிற எத்தனையோ ஏரிகள் காணாமப் போன ஊர்ல, இந்த ஒரு ஏரியின் பறவைகள் மட்டும் எப்படித் தப்பிச்சது?

பாறைச் சுவரும் தண்ணீரில் நிற்கும் மரமும்

முதல்ல பறவையோட பக்கத்துல இருந்து யோசிப்போம். ஒரு கடல் பறவை ஏன் செங்குத்தான பாறையில முட்டை வைக்குது? நரி ஏற முடியாது. எலி ஏற முடியாது. மனுஷன் கயிறு கட்டி இறங்கினால்தான் உண்டு. பக்கத்துலயே கடல், அதுல மீன். பாதுகாப்பும் சாப்பாடும் ஒரே இடத்துல கிடைக்கும்போது, நெருக்கடியைப் பத்திக் கவலைப்படாம ஆயிரக்கணக்குல வந்து சேர்ந்துடும்.

வேடந்தாங்கல் ஏரிக்கும் இதே கணக்குதான். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி. உள்ளே கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நிக்குது. வடகிழக்குப் பருவமழையில ஏரி நிரம்பினதும், ஒவ்வொரு மரமும் ஒரு தீவு. கீரியோ காட்டுப்பூனையோ சுலபமா வர முடியாது. பாறைச் சுவர் செய்யுற வேலையை இங்கே தண்ணீர் செய்யுது.

அதனாலதான் மழை பொய்த்த வருஷத்துல பறவைகள் குறைவா வரும். தண்ணீர் சீக்கிரம் வத்தினா, கூட்டைக் கைவிட்டுப் போறதும் உண்டு. நவம்பரில் இருந்து பறவைகள் வரத் தொடங்கும். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், கொக்கு வகைகள். ஒரே மரத்துல நாலு வகைப் பறவைகள் மாடி மாடியா குடியிருக்கும். நம்ம அபார்ட்மெண்ட் மாதிரிதான், மெயின்டனன்ஸ் சண்டையும் உண்டு. குச்சி திருடுறதுல நீர்க்காகத்தை மிஞ்ச ஆள் இல்லை.

ஒரு ஜனவரி மாதம் நான் அங்கே காட்சிக் கோபுரத்துல நின்னப்போ, ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்த ஒரு பையன் தன் டீச்சரிடம் கேட்டான்: "மிஸ், இத்தனை பறவைக்கும் யார் சாப்பாடு போடுறாங்க?" டீச்சர் சிரிச்சுட்டாங்க. ஆனா அது சரியான கேள்வி. 30 ஹெக்டேர் ஏரியில இருக்கிற மீன் இத்தனை வாய்க்குப் பத்தவே பத்தாது. பறவைகள் சுத்து வட்டாரம் முழுக்கப் பறந்து போய், மத்த ஏரி, குளம், நெல் வயல்ல இரை எடுத்துட்டுத் திரும்புது. நத்தை குத்தி நாரை வயல் நத்தையைத் தேடிப் போகும். ஏரி அதுங்களுக்கு வீடு மட்டும்தான். சமையலறை ஊர் முழுக்க இருக்கு. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வரி வசூலிக்க வந்த துரை

இப்போ 18-ம் நூற்றாண்டின் கடைசிக்குப் போவோம். இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் முழுக்க அப்போ கும்பினியின் ஜாகீர். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்திய கம்பெனிக்குக் கொடுத்த நிலம். 1780-ல் ஹைதர் அலியின் படை இந்தப் பகுதிக்குள்ள வந்தது. ஊர்கள் எரிந்தன, ஜனங்கள் ஓடினார்கள், ஏரிகளின் கரைகள் பராமரிக்க ஆள் இல்லாமல் உடைந்து கிடந்தன. செங்கல்பட்டுச் சீமையின் விவசாயம் ஏரியை நம்பி இருக்கு. பெரிய ஜீவநதி கிடையாது. பாலாறு இருக்கு, ஆனா அதுல வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. ஏரி போனால் நெல் போச்சு. நெல் போனால் வரி போச்சு.

இந்த நிலைமையில 1794-ல் ஜாகீரின் கலெக்டராக வந்தவர் லியோனல் பிளேஸ். "கலெக்டர்" என்ற வார்த்தைக்கு அப்போ நேரடி அர்த்தம்தான், வசூலிப்பவர். பிளேஸ் அதில் கறாரானவர். கிராமங்களின் மிராசுதாரர்களோடு அவருக்கு நடந்த மோதல்கள் பிரசித்தம். ஒத்துவராத மிராசுதாரர்களை ஓரங்கட்டவும் அவர் தயங்கவில்லை. அதே சமயம், உடைஞ்ச ஏரிகளைச் சரிபண்றதுலயும் அவர் கவனமா இருந்தார்.

மதுராந்தகம் போனவர்கள் "ஏரி காத்த ராமர்" கோயில் கதையைக் கேட்டிருப்பீங்க. பெருமழை, ஏரி உடையப் போகுது. கரை நின்னா தாயார் சன்னிதியைக் கட்டித் தர்றேன்னு ஒரு துரை வேண்டிக்கிட்டார். ராத்திரி கரைக்குப் போனா, வில்லோட ரெண்டு இளைஞர்கள் காவல் நிக்குறாங்க. காலையில பார்த்தா கரை அப்படியே இருக்கு. அந்தக் கதையில் வர்ற துரை இந்த லியோனல் பிளேஸ்தான். கோயில்ல அவர் பெயர் சொல்லும் கல்வெட்டும் இருக்கு. கதையை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். ஒரு கம்பெனி அதிகாரியை ஊர் தன் கோயில் கதைக்குள்ள சேர்த்துக்கிட்டதுன்னா, ஏரிக்கரை எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு மட்டும் பாருங்க.

வேடந்தாங்கலும் அதே மதுராந்தகம் வட்டாரம்தான். வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது: வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு கவுல் கொடுத்தார். அதாவது, இந்தப் பறவைகளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு.

"கவுல்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. அரபு மொழியில் "வாக்கு" என்ற அர்த்தமுள்ள சொல்லில் இருந்து வந்தது. நம்ம ஊர் வருவாய்க் கணக்கில் அது குத்தகை, ஒப்பந்தம், உறுதிப் பத்திரம். நிலத்துக்குக் கவுல் கொடுப்பார்கள். இங்கே பறவைக்குக் கொடுக்கப்பட்டது. அதை 1858-ல் ஊர்க்காரர்கள் மீண்டும் ஒரு முறை புதுப்பித்து வாங்கினார்கள். நடுவில் 60 வருஷம். முதல் முறை கேட்டவர்களின் பேரன்கள் காலம். கலெக்டர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். கம்பெனி ஆட்சியே அந்த வருஷத்தோட முடிஞ்சு ராணி ஆட்சி வந்தது. அப்பவும் "எங்க காகிதம் எங்களுக்கு வேணும்" என்று ஊர் போய் நின்னிருக்கு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இதுக்கு ஊர் சொல்லும் பதில் ரொம்ப நேரடியானது. எச்சம்.

மதகு வழியா வர்ற உரம்

மரத்துல ஆயிரக்கணக்கான பறவைகள். எல்லாம் மீனும் நத்தையும் தின்னுட்டு வருது. எச்சம் நேரா ஏரித் தண்ணியில விழுது. அதுல தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் இருக்கு. அந்தத் தண்ணி மதகு வழியா வாய்க்காலுக்கும், வாய்க்கால் வழியா ஆயக்கட்டு வயலுக்கும் போகுது. தனியா உரம் போட வேண்டிய தேவை குறைவு. அந்த ஊர் விவசாயி எச்சம் கலந்த தண்ணியை அழுக்குன்னு நினைக்கலை. சுத்து வட்டாரம் முழுக்கச் சிதறிக் கிடந்த சத்தைப் பறவை பொறுக்கி எடுத்துட்டு வந்து, நம்ம வயலுக்கு மேல்புறத்துல கொட்டுதுன்னு பார்த்தாங்க.

இப்போ கலெக்டரின் பக்கத்தில் இருந்து பாருங்க. நெல் அதிகம் விளைஞ்சா அவருக்கு வசூல் அதிகம். பறவைகளைச் சுட விடாமத் தடுக்க அவருக்குப் பைசா செலவில்லை. பிளேஸ் பறவைப் பிரியரா இருந்திருக்கத் தேவையே இல்லை. இது என் ஊகம்தான், ஆனா அவர் எப்படிப்பட்ட அதிகாரி என்பதை வச்சுப் பார்த்தா பொருந்துது.

இங்கிலாந்து எழுபது வருஷம் கழிச்சு

சரி, இங்கிலாந்துப் பாறைச் சுவருக்கு வருவோம். யார்க்‌ஷையர் கடற்கரையில் ஃப்ளாம்பரோ, பெம்ப்டன் என்று இரண்டு இடங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, சில இடங்களில் நூறு மீட்டர் உயரம். இன்னைக்கு அங்கே பருவத்தில் சுமார் 5 லட்சம் கடல் பறவைகள் சேருது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து பார்க்குறாங்க.

19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆட்கள் எதுக்குப் போனாங்க தெரியுமா? சுடுறதுக்கு. ரயில் வந்தது, நீராவிப் படகு வந்தது. லீவு நாளில் படகை வாடகைக்கு எடுத்துக்கிட்டு, பாறைக்குக் கீழே நின்னு, கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. கிட்டிவேக் என்ற வெள்ளைக் கடற்புறாவின் இறக்கை பெண்களின் தொப்பிக்குப் போச்சு. தாய்ப் பறவை செத்தா குஞ்சு கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகும்.

1868-ல் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனின் பாதிரியார் ஹென்றி பார்ன்ஸ் ஒரு சங்கம் அமைத்தார். கேம்ப்ரிட்ஜ் விலங்கியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் நியூட்டன் குரல் கொடுத்தார். 1869-ல் கிறிஸ்டோபர் சைக்ஸ் என்ற எம்.பி. கொண்டுவந்த கடல் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கூடு கட்டும் காலத்தில், ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை, சுடக் கூடாது. பிரிட்டனில் காட்டுப் பறவைகளைக் காக்க வந்த ஆரம்பச் சட்டங்களில் இது முக்கியமானது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், பாராளுமன்றத்தில் எடுபட்ட வாதம். "பாவம் பறவைகள்" என்பது மட்டும் போதவில்லை. மூடுபனியில் கப்பல் பாறையில் மோதாமல் இருக்கப் பறவைகளின் கூச்சல்தான் எச்சரிக்கை என்று மாலுமிகள் சொன்னார்கள். மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பறவைகள்தான் காட்டுகின்றன என்று மீனவர்கள் சொன்னார்கள். வேடந்தாங்கல் விவசாயியும் ஃப்ளாம்பரோ மீனவரும் பேசினது ஒரே பேச்சு: இதுங்க எங்களுக்கு வேலை செய்யுது, கை வைக்காதீங்க.

பெருவில் அதே எச்சம்

"அப்போ, பறவையால் லாபம்னா மனுஷன் பறவையைக் காப்பாத்துவான், அவ்வளவுதானே?" என்று நீங்க கேட்கலாம். அவ்வளவு சுலபமில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையில் சின்ச்சா தீவுகள்னு இருக்கு. அங்கே குவானாய் என்ற நீர்க்காகம் லட்சக்கணக்கில் கூடு கட்டும். நம்ம வேடந்தாங்கல் நீர்க்காகத்தின் சொந்தக்காரன்தான். பக்கத்தில் ஓடுற குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் கடலில் மீன் ஏராளம். அதே நீரோட்டத்தால் கரையில் மழையே கிடையாது. மழை இல்லாததால் எச்சம் கரையாமல், சத்து போகாமல், வருஷா வருஷம் மேலே மேலே சேர்ந்து, பல மாடி உயரத்துக்கு மலையா நின்னது. கெச்சுவா மொழியில் இருந்து வந்த அதோட பெயர்தான் "குவானோ".

இன்கா ராஜ்யத்தில் இதை உரமாகப் பயன்படுத்தினார்கள். கூடு கட்டும் காலத்தில் தீவில் கால் வைப்பவருக்கு மரண தண்டனை என்று 1609-ல் கார்சிலாசோ டி லா வேகா எழுதி வைத்திருக்கிறார். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹம்போல்ட் இதன் மாதிரியை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார். 1840-களில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெருவில் இருந்து வெளியே போன குவானோ ஒரு கோடி டன்னுக்கு மேல்.

வெட்டி எடுத்தது யார்? கைதிகளும் கூலிகளும், பெரும் எண்ணிக்கையில் சீனாவில் இருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்களும். மூச்சை அடைக்கும் அமோனியாத் தூசியில் வேலை. நம்ம ஊர்க்காரர்கள் மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறின அதே காலம். 1856-ல் அமெரிக்கா, ஆள் இல்லாத குவானோ தீவை எங்கே பார்த்தாலும் தன் குடிமக்கள் நாட்டின் பெயரில் உரிமை கோரலாம் என்று ஒரு சட்டமே போட்டது. 1864-ல் ஸ்பெயின் சின்ச்சா தீவுகளைப் பிடிக்க, அது போராக வெடித்தது. 1870-களில் மலை தீர்ந்தது. பறவைகளும் கலைஞ்சு போயிருந்தன. 1909-ல்தான் பெரு அரசு ஒரு நிறுவனம் அமைத்து, காவலர் போட்டு, பறவைகளைத் திரும்ப வரவழைக்க ஆரம்பிச்சது.

ஒரே எச்சம். ஒரு இடத்துல பறவையைக் காப்பாத்தினது, இன்னொரு இடத்துல விரட்டினது. வித்தியாசம் எங்கே?

என் பதில் இது. பெருவின் எச்சம் காய்ந்தது. வெட்டலாம், மூட்டை கட்டலாம், லண்டன்ல விற்கலாம். லாபம் பார்க்குறவன் தீவையே பார்த்திருக்க மாட்டான். வேடந்தாங்கல் எச்சம் தண்ணியில கரைஞ்சது. அதை மூட்டை கட்ட முடியாது, மதுராந்தகம் சந்தைக்குக் கூட எடுத்துட்டுப் போக முடியாது. மதகுக்குக் கீழே நிலம் வச்சிருக்கிறவனுக்கு மட்டும்தான் லாபம். அதுவும் பறவை அடுத்த வருஷமும் வந்தால்தான். பறவையை அடிச்சா நஷ்டம் யாருக்குன்னு ஊர்ல எல்லோருக்கும் தெரியும். உபயோகம் மட்டும் பறவையைக் காக்காது. உபயோகம் யார் கையில, எவ்வளவு கிட்டத்துல இருக்கு என்பதுதான் விஷயம்.

நம்ம காலுக்குக் கீழே ஒரு ஏரி

இதை நம்ம ஏரியாவுல வச்சுப் பார்ப்போம். பாண்டி பஜார்ல ஷாப்பிங் முடிச்சு, பனகல் பார்க் பக்கம் நடக்குறீங்க. நீங்க நடக்குறது ஏரியோட படுகையில. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை "லாங் டேங்க்" என்றார்கள். வடக்குப் பாகம் நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மாம்பலம் ஏரி. 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. வள்ளுவர் கோட்டம் நிக்குறதும் ஏரி நிலத்துலதான். பெயர்கள் மட்டும் பாக்கி: நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா", "டேங்க் பண்ட் ரோடு". மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு". அங்கே நின்னா எந்த ஏரியும் தெரியாது. 2015 டிசம்பர்ல மட்டும் தெரிஞ்சது.

மாம்பலம் ஏரிக்கும் ஒரு காலத்துல மதகு, வாய்க்கால், வயல் எல்லாம் இருந்தது. பட்டணம் வளர வளர வயல் வீடாச்சு. "இந்தத் தண்ணி எனக்கு வேணும்" என்று கலெக்டர் ஆபீஸ்ல போய் நிக்குறதுக்கு ஆயக்கட்டு விவசாயி இல்லாமப் போனார். அப்புறம் ஏரின்னா வெறும் காலி இடம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் அதே கதை. புறம்போக்கு, குப்பை கொட்டுற இடம் என்று பல வருஷம் கிடந்து, பெரும்பகுதி போன பிறகு, 2007-ல் ஒரு பகுதி காப்புக் காடாச்சு.

வேடந்தாங்கலுக்கு அந்த நிலைமை வராமல் இருந்ததுக்கு ஊர் முக்கியக் காரணம். ஆனா 20-ம் நூற்றாண்டில் இன்னொரு கூட்டமும் சேர்ந்தது, நம்மள மாதிரி நகரத்து ஆட்கள். மயிலாப்பூர், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் பற்றி 1950-ல் இருந்து 1996-ல் இறக்கும் வரை விடாமல் பத்தி எழுதினவர். 1960-ல் அரசின் வனத்துறைக்காக வேடந்தாங்கலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1962-ல் மெட்ராஸ் வனச் சட்டத்தின் கீழ் ஏரிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1978-ல் சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கினது. அதுக்கப்புறம் பைனாகுலரோட விடியற்காலையில கிளம்புற ஒரு பழக்கம் இந்த ஊர்ல பரவினது.

இப்போ என்ன ஆபத்து

இன்னைக்கு ஒரு யூரியா மூட்டை மானியத்தோட முன்னூறு ரூபாய்க்கும் கீழே கிடைக்குது. 1798-ல் கவுல் கேட்க வச்ச காரணம், அந்த அளவுக்கு இப்போ அவசரமானது இல்லை. ஊர்ப் பிள்ளைகள் மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போறாங்க. ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் மனை விலை ஏறிக்கிட்டே இருக்கு. பறவையைவிட மனை லாபம்னு யாராவது கணக்குப் போட்டா, அவரை நான் குறை சொல்ல முடியாது. அதே கணக்கைப் போட்டு வந்த தெருவுலதான் நாம ஷாப்பிங் பண்றோம்.

அந்த ஸ்கூல் பையனின் கேள்விக்கு இங்கே வருவோம். ஏரிக்குள்ள மரத்தையும் தண்ணியையும் காப்பாத்தினா வீடு மட்டும் மிஞ்சும். சமையலறை வெளியே இருக்கு. அதனாலதான் 1998-ல் சரணாலயத்தை அறிவிச்சப்போ ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் வரை எல்லை வச்சாங்க. 2020-ல் அதை 3 கிலோமீட்டரா குறைக்கலாம்னு வனத்துறையில் இருந்தே ஒரு யோசனை வந்தது. ஆன்லைன்ல பெரிய எதிர்ப்பு கிளம்பினது. உங்கள்ல சிலர் அப்போ ஹேஷ்டேக் போட்டிருப்பீங்க. விவகாரம் ஹைகோர்ட் வரைக்கும் போனது. 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்துல இருக்கிற கரிக்கிலியும், நம்ம பள்ளிக்கரணையும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம். நல்ல விஷயம்தான்.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அந்த 5 கிலோமீட்டருக்குள்ள நிலம் வச்சிருக்கிற ஆட்களும் இருக்காங்க. எல்லைக் கோடு அவங்களுக்குக் கட்டுப்பாடு, நமக்குச் சண்டே ட்ரிப். 1798 கவுலோட பலமே, பறவையைக் காப்பாத்துறவனுக்கே அதோட பலனும் போய்ச் சேர்ந்ததுதான். இப்போ பலன் நமக்கு, கட்டுப்பாடு அவங்களுக்கு. இந்தக் கணக்கைச் சரிபண்ணாம சட்டத்தை மட்டும் வச்சு இன்னொரு 200 வருஷம் ஓட்ட முடியும்னு எனக்குத் தோணலை. அந்த வட்டாரத்து அரிசிக்கு ஒரு நல்ல விலை கொடுக்க நாம தயாரா இருந்தா, அது ஒரு ஆரம்பமா இருக்கலாம். உள்ளூர் ஆட்களை வழிகாட்டியா வச்சுக்கிட்டு அதுக்குக் காசு கொடுக்கிறதும் அப்படித்தான்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் பயப்படும்னு தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் இருக்கு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுது. இதெல்லாம் வேலி போட்டு வந்த பாதுகாப்பு இல்லை. வருஷா வருஷம் ஒரு ஊர் எதையோ விட்டுக்கொடுத்து வாங்கின பாதுகாப்பு.

போறதா இருந்தா சில விஷயம். டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம், ஆனா அந்த வருஷ மழையைப் பார்த்துக்கோங்க. ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்பணும். விடியற்காலையோ, சாயங்காலம் நாலு மணிக்கு மேலயோ போங்க, இரைக்குப் போறதும் திரும்புறதும் அப்போதான். ட்ரோன் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், கை தட்டிப் பறக்க விட வேண்டாம். தாய்ப் பறவை எழுந்து பறந்தா, இறகு முளைக்காத குஞ்சு வெயில்ல கிடக்கும். 1860-களில் யார்க்‌ஷையர் படகுல துப்பாக்கியோட போன லீவு கூட்டமும் தங்களை டூரிஸ்ட்னுதான் நினைச்சிருப்பாங்க.

கரையில நடக்கும்போது மதகு எங்கே இருக்குன்னு பாருங்க. அதுக்குக் கீழே பச்சையா வயல் இருக்கான்னும் பாருங்க. இருந்தா, எந்த ஊர், என்ன பயிர்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் செங்கல்பட்டின் மத்த ஏரிகளைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.